சர்வர் மாறியதும் தமிழ் உடைகிறது: ஏன், எப்படி மீட்பது

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பத்து வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வியாபாரத் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாஞ்செடி விற்கும் நாற்றுப் பண்ணையாக இருக்கலாம், மாங்கூழ் ஆலையாக இருக்கலாம், ஒகேனக்கல்லுக்கு வண்டி விடும் டிராவல்ஸாகவும் இருக்கலாம். பொருள் பெயர், வாடிக்கையாளர் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் தமிழில், டேட்டாபேஸில் கிடக்கின்றன. ஒருநாள் ஹோஸ்டிங் நிறுவனம் சர்வரை மாற்றுகிறது. மறுநாள் காலையில் போன் வரும்: “சார், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எழுத்தெல்லாம் உடைஞ்சு வருதுங்க.” இதோடு நின்றால் பயமில்லை. அடுத்து வருவதைக் கேட்கும்போதுதான் மனசு பதறும்: “தெரிஞ்ச பையன் நெட்டுல பார்த்து ஏதோ கமாண்டு போட்டான், அப்பவும் சரியாகலைங்க.”

எழுத்து உடைந்து தெரிகிற நாளில் தரவு பெரும்பாலும் அழிந்திருக்காது. அதைச் சரிசெய்யப் போகிறோம் என்று பார்க்காமலே கைவைக்கிற நாளில்தான் அழிகிறது. அந்த நாள் வராமல் தடுக்க வேண்டுமானால், உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

டேட்டாபேஸுக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் 0 முதல் 255 வரையிலான எண்கள், அதாவது பைட்டுகள். எந்த எண் எந்த எழுத்து என்று சொல்வது என்கோடிங். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி. அந்த யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறைகளில் இன்று இணையம் முழுக்கப் புழங்குவது யூடிஎஃப்-8. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தது. இதில் வழக்கமான ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எந்த எழுத்து என்று பிரித்துக் காட்டும். ‘த’ என்றால் 224, 174, 164. புள்ளி என்றால் 224, 175, 141. ‘கி’ நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. உள்ளே க ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 6 பைட்டுகள்.

லத்தீன்1 என்பது வேறு கணக்கு. அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. அதில் 224 என்பது தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’. 174 என்பது பொருட்களின் பெயருக்குப் பக்கத்தில் வருமே, வட்டத்துக்குள் ‘ஆர்’, அந்தக் குறி. 175 என்பது வெறும் மேல்கோடு. நம் யூடிஎஃப்-8 தமிழை லத்தீன்1 கண்ணால் படித்தால் சாய்கோட்டு ஏ, வட்ட ஆர், சாய்கோட்டு ஏ, மேல்கோடு என்று திரை முழுக்க ஒரே மாதிரி ஓடுவது இதனால்தான்.

ஓசூர்ப் பக்கத்துத் தளங்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்திருக்கும். மூன்றுமே உடைந்து வந்தாலும் எது எந்த மொழி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். தெலுங்குக்கு இரண்டாவது பைட் 176 அல்லது 177. சாய்கோட்டு ஏவுக்குப் பக்கத்தில் வெப்பநிலைக்குப் போடும் டிகிரி வட்டமோ கூட்டல் கழித்தல் சேர்ந்த குறியோ வரும். கன்னடத்துக்கு 178 அல்லது 179. மேலே தூக்கி எழுதிய சின்ன 2, சின்ன 3 வரும். முறை தவறாமல் இப்படி ஓடுகிறதென்றால் பைட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன என்று அர்த்தம்.

நேற்று வரை நன்றாக இருந்தது எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இத்தகைய தளங்களின் டேட்டாபேஸை நடத்தும் மென்பொருளான மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்தது. 5.7 பதிப்பு வரை, நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், அது டேபிளை லத்தீன்1 என்றே உருவாக்கும். வரிசைப்படுத்துவதுகூட சுவீடிஷ் முறையில்தான். அந்தக் காலத்தில் பிஎச்பி மொழியில் எழுதிய தள நிரல்களில் பெரும்பாலானவை என்கோடிங் பற்றி வாயே திறக்காதவை. பிரவுசர் யூடிஎஃப்-8 தமிழை அனுப்பியது. நிரல் அதை அப்படியே நீட்டியது. நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையிலான இணைப்பும் லத்தீன்1, டேபிளும் லத்தீன்1 என்பதால் சர்வர் எதையும் மாற்றாமல் வாங்கி வைத்தது. கேட்டபோது அப்படியே திருப்பிக் கொடுத்தது. பிரவுசர் அதை யூடிஎஃப்-8 என்று படித்துத் தமிழாகக் காட்டியது. உள்ளே போகும்போது ஒரு பொய், வெளியே வரும்போது அதே பொய். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வருடக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

2018 ஏப்ரலில் வந்த மைஎஸ்கியூஎல் 8.0, இயல்பு அமைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கியது. முழுமையான யூடிஎஃப்-8க்கு மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் பெயர் அது. நல்ல மாற்றம், வந்திருக்க வேண்டிய மாற்றம். ஆனால் நிரல் வாய் திறக்காதபோது புதிய சர்வரின் இயல்பு அமைப்பே இணைப்புக்கு வந்துவிடும். இப்போது டேபிள் மட்டும் லத்தீன்1, இணைப்பு யூடிஎஃப்-8. சர்வர் கடமை தவறாமல் மொழிபெயர்க்கத் தொடங்குகிறது: 224 என்ற பைட்டைச் சாய்கோட்டு ஏ என்று நம்பி, அதற்குரிய யூடிஎஃப்-8 வடிவத்தை அனுப்புகிறது. மண்டியில் பெங்களூரா மாங்காய்ப் பெட்டிக்கு அல்போன்சா என்று சீட்டு ஒட்டிவிட்டால் காய் கெட்டுவிடாது. சீட்டை நம்பி விலை போடுகிறவர்தான் ஏமாறுவார். இங்கே கெட்டிருப்பதும் சீட்டுதான்.

இனி, கைவைக்கும் முன் பார்க்க வேண்டியது. திரையில் தெரிவதை நம்ப வேண்டாம். கேள்விக்குறியாகத் தெரிந்தால்கூட இணைப்பில் தவறு இருந்து தரவு நன்றாக இருக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் ஹெக்ஸ் என்ற செயற்கூறு இருக்கிறது; டேபிளின் பத்தியில், அதாவது நெடுவரிசையில், கிடக்கும் பைட்டுகளை அப்படியே பதினாறடி எண்ணாகக் காட்டிவிடும். அதோடு எழுத்து எண்ணிக்கையைச் சொல்லும் கேர்லெங்த், பைட் எண்ணிக்கையைச் சொல்லும் லெங்த். இந்த மூன்றையும் வைத்து நிலைமையைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

நாற்றுப் பண்ணைத் தளத்தில் ‘மாங்கன்று’ என்ற சொல்லையே எடுப்போம். ம, துணைக்கால், ங, புள்ளி, க, ன, புள்ளி, ற, உகரக் குறி: ஆக 9 குறியீடுகள், 27 பைட்டுகள். எழுத்து 9, பைட் 27 என்று வந்தால் தரவு சுத்தம். கோளாறு இணைப்பிலோ பக்கத்திலோ இருக்கிறது, டேபிளைத் தொடவே கூடாது. எழுத்து 27, பைட் 27 என்று வந்தால் மேலே சொன்ன சீட்டுத் தவறு. எழுத்து 27, பைட் 56 என்று வந்தால் யாரோ ஏற்கெனவே மாற்றிவிட்டிருக்கிறார்கள்; உடைந்த உருவமே நிரந்தரமாகப் பதிந்து, யூடிஎஃப்-8க்கு மேல் இன்னொரு யூடிஎஃப்-8 ஏறியிருக்கிறது. எழுத்து 9, பைட் 9, ஹெக்ஸில் 3எஃப் 3எஃப் என்று வரிசையாக வந்தால் அவை உண்மையான கேள்விக்குறிகள். அந்தச் சொல் போய்விட்டது. பழைய பேக்கப்பைத் தேடுவதைத் தவிர வழியில்லை.

சீட்டுத் தவறுக்குப் பலரும் போடும் கட்டளை, டேபிளை நேரடியாக ‘கன்வர்ட் டூ கேரக்டர் செட்’ என்று மாற்றுவது. பெயரைப் பார்த்தால் இதுதான் தேவை என்று தோன்றும். ஆனால் அந்தக் கட்டளை சீட்டை மட்டும் மாற்றாது. சீட்டில் இருப்பதை உண்மை என்று நம்பி உள்ளே இருக்கும் பைட்டுகளையும் சேர்த்து மாற்றும். 27 பைட் 56 ஆவது இங்கேதான். செய்ய வேண்டியது வேறு: பத்தியை முதலில் பைனரி வகைக்கு, அதாவது டெக்ஸ்ட் என்றால் பிளாபுக்கும், வேர்கேர் என்றால் வேர்பைனரிக்கும் மாற்ற வேண்டும். பைனரிக்கு என்கோடிங் இல்லாததால் சர்வர் எந்தப் பைட்டையும் தொடாது. பிறகு அதே பத்தியை யூடிஎஃப்8எம்பி4 என்று மறுபடி டெக்ஸ்டாகவோ வேர்கேராகவோ அறிவிக்க வேண்டும். பைட்டுகள் அதே 27. இப்போது எழுத்து 9. இவ்வளவுதான். இதற்கு முன் முழு பேக்கப் எடுத்து, அதை வேறொரு சர்வரில் ஏற்றி அங்கேதான் முதலில் செய்து பார்க்க வேண்டும். செய்து முடிக்கும்வரை தளத்தில் புதுப் பதிவு எதுவும் விழாமல் மூடி வைக்க வேண்டும். முடிந்த கையோடு நிரலின் இணைப்பிலும் யூடிஎஃப்8எம்பி4 என்று வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சர்வர் மாற்றத்தில் மறுபடி இதே கதை.

இரட்டை ஏற்றத்தையும் பின்னோக்கி அவிழ்க்கலாம். உடைந்த உருவத்தை லத்தீன்1க்கு மாற்றினால் பழைய 27 பைட்டுகள் கிடைக்கும். அதைப் பைனரியாகக் கருதி, யூடிஎஃப்8எம்பி4 என்று படிக்கச் சொன்னால் தமிழ் திரும்பிவிடும். மைஎஸ்கியூஎல்லுக்குள்ளேயே செய்தால் ஒரு பைட்கூட சிந்தாது. வெளிக் கருவிகளுக்குக் கொண்டுபோனால்தான் ஆபத்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பெயரே இதில் மாட்டிக்கொள்கிறது.

நடைமுறையில் லத்தீன்1 என்று சொல்வது பெரும்பாலும் விண்டோஸ்-1252 என்ற அட்டவணை. அதில் 5 இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. மைஎஸ்கியூஎல் இந்த ஐந்தையும் தன் கணக்கில் ஏதோ ஓர் எண்ணோடு கட்டி வைத்துக் காப்பாற்றிவிடும். மற்றப் பல கருவிகள் அப்படிச் செய்யாது. பிழை காட்டி நிற்கும், அல்லது சத்தமில்லாமல் அந்தப் பைட்டை விட்டுவிடும். தமிழில் இந்த எண்களை மூன்றாவது பைட்டாகக் கொண்டவை யார் என்று பாருங்கள். ஏ 143. ஐ 144. உகரக் குறி 129. புள்ளி 141. தமிழில் அதிகம் வரும் குறிகளில் இரண்டு, புள்ளியும் உகரமும், சரியாக அந்தக் காலி இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. மீட்ட பிறகு ககரம், மகரம் எல்லாம் ஒழுங்காக வந்து புள்ளியும் உகரக் குறியும் காணாமல் போன தளங்களைப் பார்த்திருந்தால், காரணம் இதுதான்.

அப்படித் தொலைந்த இடத்தில் 224, 175 என்ற இரண்டு பைட்டுகள் மட்டும் அனாதையாக நிற்கும். நடைமுறையில் அங்கே இருந்திருக்கக் கூடியவை இரண்டே: உகரம் அல்லது புள்ளி. பெரும்பாலான சொற்களில் எது என்று சொல்லின் பக்கத்து எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். மாங்கன்று என்றால் ‘ங’வுக்கு மேல் புள்ளிதான். ஆனால் ‘தர’ என்று வந்து, ஒரு குறி தொலைந்து, ‘மபுரி’ என்று தொடர்ந்தால்? தர்மபுரி, தருமபுரி இரண்டுமே புழக்கத்தில் உள்ள எழுத்துமுறைகள். இரண்டுக்கும் உள்ள ஒரே வேறுபாடு அந்தத் தொலைந்த குறிதான். பைட் எண்ணிக்கைகூட இரண்டுக்கும் ஒன்றே, 24. எந்த நிரலாலும் இதைத் தீர்க்க முடியாது. விலாசத்தில் எப்படி எழுதியிருந்தாலும் தபால் போய்ச் சேரும். ஆனால் ஒரு நிறுவனத்தின் பதிவுப் பெயரிலோ ஒருவருடைய சான்றிதழ்ப் பெயரிலோ இப்படி ஒரு குறி தொலைந்தால் அந்த ஆளைத்தான் கேட்க வேண்டும்.

லத்தீன்1 காலத்தின் இன்னொரு சேதம் மீட்கும் நாளில்தான் வெளியே தெரியும். ஊர்ப் பெயருக்கு வேர்கேர் 30 என்று இடம் ஒதுக்கியிருப்பார்கள். லத்தீன்1இல் 30 எழுத்து என்றால் 30 பைட், அதாவது தமிழில் 10 குறியீடுகள். காவேரிப்பட்டணத்துக்கு 15 குறியீடுகள் வேண்டும். உள்ளே போனது ‘காவேரிப்பட’ மட்டும். பழைய சர்வர்கள் இப்படி வெட்டுவதை எச்சரிக்கையோடு விட்டுவிடும்; அந்த எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. 50 என்று ஒதுக்கியிருந்தால் இன்னும் சிக்கல்: 16 குறியீடு முடிந்து 2 பைட் அரைகுறையாக நிற்கும். பைனரியிலிருந்து யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றும்போது அந்த வரி பிழை காட்டி வேலையை நிறுத்திவிடும். அந்த இடத்தில் பலர் பொறுமை இழந்து பிழைகளைக் கண்டுகொள்ளாதே என்று அமைப்பை மாற்றிவிடுகிறார்கள். அது வேண்டாம். அப்படி நிற்கும் வரிகளைத் தனியாக எடுத்து எழுதி வைத்து, கடைசி அரைகுறை பைட்டுகளை மட்டும் நீக்கி, அந்த வாடிக்கையாளர் பட்டியலைப் பண்ணைக்காரரிடமே கொடுத்து நிரப்பச் சொல்வதுதான் நேர்மையான வழி.

நிஜத்தில் ஒரு டேபிள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதும் அரிது. நடுவில் ஒருமுறை யாரோ இணைப்பை மாற்றியிருப்பார்கள். அதற்கு முந்திய வரிகள் ஒரு மாதிரி, பிந்தியவை வேறு மாதிரி. மொத்தமாக அவிழ்த்தால் நல்ல வரிகள் கெடும். இரட்டை ஏற்றம் ஏறிய தமிழ் எப்போதும் 195, 160, 194, 174 அல்லது 175 என்ற தொடரைக் கொண்டிருக்கும். அந்தத் தொடர் இருக்கும் வரிகளை மட்டும் பொறுக்கி அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த பிறகு ஒவ்வொன்றும் தமிழ்த் தொகுதிக்குள்தான் விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். மெதுவான வேலைதான். ஆனால் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்த பெயர்கள் அவை. அந்த உழைப்புக்கு இந்த மரியாதை தகும்.

உடைந்து தெரிவதெல்லாம் இந்த வகை அல்ல. வெறும் ஆங்கில எழுத்தாக, ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்தால் அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அங்கே என்கோடிங்கை எப்படி மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. எழுத்துரு மாற்றி வழியாகத்தான் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். பாமினியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் அடிக்கப்படும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். வரிசையை மாற்றாத மாற்றிகள் ‘பெ’ வரும் இடத்தையெல்லாம் குழப்பிவிடும். பென்னாகரம் என்ற ஒரு சொல்லைக் கொடுத்தே மாற்றியைச் சோதித்துவிடலாம். தமிழக அரசு 1999 தமிழ்நெட் மாநாட்டைத் தொடர்ந்து டேப், டேம் என்ற தமிழ் என்கோடிங் முறைகளை ஏற்றது, பின்னர் 2010இல் யூனிகோடுக்கு வந்தது. ஆகவே அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் தொடங்கிய தளங்களில் இவையும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

எக்ஸெல் பற்றி ஒரு வார்த்தை. டேட்டாபேஸிலிருந்து சிஎஸ்வி எடுத்து எக்ஸெல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் உடைந்து தெரியலாம்; அதுவரை நஷ்டமில்லை. தமிழ் சரியாகத் தெரியும் கோப்பைச் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால்தான் போகும். விண்டோஸின் பழைய அட்டவணைகளில் தமிழுக்கென்று ஒன்று இல்லாததால் கேள்விக்குறியாகிவிடும். எக்ஸெல் 2016 முதல் சேமிக்கும் பட்டியலில் சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக இருக்கிறது. அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் அல்லாதவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்கியூஎல் சர்வரில் தமிழுக்குப் பொதுவாக என்வேர்கேர் என்ற பத்தி வகை வேண்டும். கட்டளைக்குள் நேரடியாக எழுதும் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைப் போடாவிட்டால் பத்தி சரியாக இருந்தும் கேள்விக்குறியே பதியும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் யூடிஎஃப்-8இல் இருந்தால் தவறான பைட்டுகளை வாசலிலேயே மறுத்துவிடும். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும்.

என்கோடிங் முழுக்கச் சரியான பிறகும் தேடல் தவறலாம். அதியமான் ஆண்ட தகடூர் இது. தர்மபுரிச் சுற்றுலாத் தளத்தில் ஔவையார் பெயர் இல்லாமல் இருக்காது. முதல் எழுத்தை ஔ என்ற ஒரே குறியீடாக அடிக்கலாம். ஒ-வும் ஔகார நீட்சிக் குறியும் சேர்ந்து இரண்டாகவும் வரலாம். ஒ-வுக்குப் பக்கத்தில் ளகரத்தைப் போட்டே பலர் அடித்துவிடுகிறார்கள். மூன்றும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். முதல் இரண்டையும் யூனிகோடு ஒன்றென்றே கருதுகிறது. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை உள்ளீட்டிலேயே செய்துவிட்டால் ஒன்றாகிவிடும். ‘கொ’, ‘கோ’ இரண்டு துண்டாக வரும் சிக்கலும் இதில் தீரும். ஆனால் ளகரம் போட்டது வேறு சொல்லே; அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். ஸ்ரீயும் இப்படித்தான்: ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம், இயல்பாக்கம் இவற்றை ஒன்றாக்காது.

மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று மட்டும் இதுநாள் வரை எழுதிவந்தது 3 பைட் வரைதான் தாங்கும். நம் வழக்கமான எழுத்துகளுக்கு அது போதும் என்பதால் தமிழ்த் தளங்களில் இந்தக் குறை வெகுநாள் தெரியவில்லை. வாடிக்கையாளர் ஒரு இமோஜி போட்டால்தான் தெரியும். 2019இல் யூனிகோடு 12இல் வந்த பழைய தமிழ்ப் பின்னங்களுக்கும் நில அளவைக் குறிகளுக்கும்கூட 4 பைட் வேண்டும்.

சர்வர் மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்த உடனேயே, மாற்றுவதற்கு முன், தளத்தின் வழியாகவே ஒரு சோதனை வாடிக்கையாளரைப் பதிந்துவிடுங்கள். பெயரில் ஏ, ஐ, கு, க், ஔ, கொ, ஸ்ரீ எல்லாம் வரட்டும். விலாசத்தில் ஒரு தெலுங்குச் சொல், ஒரு கன்னடச் சொல், ரூபாய்க் குறி, ஒரு இமோஜி. அந்த வரியின் ஹெக்ஸ் மதிப்பை எடுத்து ஒரு தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி முடித்ததும் புதிய சர்வரில் அதே வரியின் ஹெக்ஸை எடுத்து ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் வேறுபட்டால்கூட, பழைய சர்வரை அணைக்க அனுமதி கொடுக்காதீர்கள்.